அமிர்தலிங்கமும் எதிர்க்கட்சி நாற்காலியும்

அன்புள்ள ஐயா,

இலங்கைத் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்செடுத்தால் சண்டையில்தான் முடியும். தமிழீழம் என்று வாக்குக் கேட்டுவிட்டு எதிர்க்கட்சித் தலைவரின் காருக்கும் பங்களாவுக்கும் விலைபோனவர் என்பார் சித்தப்பா. அப்பாவுக்கோ இன்றைக்கும் அவர் ‘தளபதி’தான். 1989க்குப் பிறகு பிறந்த எனக்கு இரண்டுமே விளங்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

காரையும் பங்களாவையும் முதலில் தள்ளி வைப்போம். அந்தப் பதவி அவர் தேடிப் போனதில்லை, தேர்தல் கணக்கு அப்படி விழுந்தது. 1977 ஜூலைப் பொதுத் தேர்தலில் மொத்தம் 168 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140, அவருடைய தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18, ஏறக்குறைய 30 சதவீத வாக்கு வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. வடக்கு கிழக்கைத் தாண்டி ஓர் இடமும் இல்லாத, அதுவும் தனிநாட்டுக்கு ஆணை கேட்டு வென்ற கட்சி, அதே நாட்டின் பிரதான எதிர்க்கட்சியாகிவிட்டது.

அதற்கு முந்தைய அமிரைத்தான் உங்கள் அப்பா நினைத்துக்கொண்டிருப்பார். 1956 ஜூன் 5, தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்த காலிமுகத்திடல் சத்தியாக்கிரகத்தில் அடிவாங்கி, தலையில் கட்டோடு சபைக்குள் போனபோது அவருக்கு 28 வயது. 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்றார். 1976இல் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக ஜூரி இல்லாத விசேட நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நெடுங்காலம் எதிரெதிராக அரசியல் செய்த தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் தமிழ்க் காங்கிரஸின் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் அந்த வழக்கில் இவர் பக்கம் சேர்ந்து ஆஜரானார்கள். அடுத்த வருஷமே இருவரும் காலமானார்கள், மொத்தப் பாரமும் இவர் தலையில்.

என்னைக் கேட்டால் பதவியை ஏற்றது பிழையே இல்லை. யாழ்ப்பாணத்து மேடையில் பேசியதும் கொழும்பில் கையாண்டதும் ஒட்டவே இல்லை, பிழை அங்கேதான். இளைஞர்கள் விரலைக் கீறி அவர் நெற்றியில் இரத்தத் திலகம் வைத்தபோது இவர் தடுக்கவில்லை, அந்தச் சூடு தேர்தலுக்குத் தேவைப்பட்டது. அப்புறம் அதே பெடியளிடம், ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனவோடு பேசி வாங்கிய மாவட்ட அபிவிருத்திச் சபையை நீட்டினால் யார் கேட்பார்கள்? அந்தச் சபைத் தேர்தல் நடந்த 1981 ஜூன் முதல் வாரத்தில்தான் யாழ் நூலகமும் எரிந்தது.

ஆனால் விலைபோனவர் என்பதை நான் ஏற்க மாட்டேன். 1981 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். உலகமெங்கும் அரசாங்கத்தின் மீது எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரும், இங்கே எதிர்க்கட்சித் தலைவர் மீது ஆளுங்கட்சிக்காரர்கள் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள்! அவருக்கு என்ன மரணதண்டனை கொடுக்கலாம் என்று மன்னர் காலத்துத் தண்டனைகளைச் சபையிலேயே அடுக்கிய உறுப்பினர்களும் இருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறைக்குப் பின், பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லி அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. கூட்டணி மறுத்தது, ஆசனங்கள் பறிபோயின, நாற்காலி சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்கவிடம் போனது. விலைபோகிறவர் அந்த ஒரு சத்தியத்தைச் செய்துவிட்டு அங்கேயே இருந்திருப்பார்.

சித்தப்பா கெட்டிக்காரர் என்றால், 1989இல் அதே சத்தியத்தோடுதானே திரும்பிப் போனார் என்று மடக்குவார். உண்மைதான். மட்டக்களப்பில் தோற்று, தேசியப் பட்டியல் வழியாகப் போனார். இடையில் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்து, தனிநாட்டை விட்டு மாகாணசபைக்கு இறங்கியிருந்தார். அதோடு உடன்படாதவர்கள் எதிர்த்துப் பேசியிருக்கலாம், எழுதியிருக்கலாம், தேர்தலில் தோற்கடித்ததைப் போல இன்னொரு முறையும் தோற்கடித்திருக்கலாம். புலிகள் 1989 ஜூலை 13இல் கொழும்பு வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்து அவரையும் கூட்டணியின் முன்னாள் யாழ்ப்பாண எம்.பி. யோகேஸ்வரனையும் சுட்டுக் கொன்றார்கள். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

அந்த 1981 விவாதத்தின் ஹன்சார்ட், அதாவது நாடாளுமன்றப் பேச்சுப் பதிவு, எங்காவது கிடைத்தால் முழுசாகப் படியுங்கள். படித்த பிறகும் சித்தப்பா சொல்வதுதான் சரி என்று பட்டால் எழுதுங்கள், பேசலாம்.