தோற்கும் கோச்சை மாற்றலாமா? அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து கேள்வி பதில்

கே: எங்கள் அணி 9 வெற்றி, 14 தோல்வி. கோச்சை அனுப்பிவிடலாமா சார்?

ப: அந்த இரண்டு எண்களை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஸ்கோர்ஷீட்டைக் கையில் எடுங்கள். எறிந்த ஷாட்டில் தாக்குதல் ரீபவுண்டை (தவறிய தன் ஷாட்டைத் தானே திரும்பப் பிடித்தது) கழித்து, டர்ன்ஓவரை (ஷாட் எறியாமலே பந்தை இழந்தது) கூட்டி, ஃப்ரீ த்ரோவை (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) 0.475-ஆல் பெருக்கிச் சேர்த்தால் பொசஷன், அதாவது பந்து உங்கள் கைக்கு வந்த முறை, கிடைக்கும். 60 ஷாட், 10 ரீபவுண்ட், 14 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 73.5 பொசஷன். அதில் 14 முறை பந்து பறிபோனது, அதாவது 19 சதவீதம். இது மாதக்கணக்கில் 20-க்கு மேலேயே நின்றால் பயிற்சியில் கோளாறு. பந்தோடு வருபவனை இரண்டு பேர் மடக்கும்போது மற்றவர்கள் எங்கே வந்து நின்று வாங்க வேண்டும் என்று சொல்லித் தரவில்லை.

எதிரணி தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயிண்ட் ஷாட்டில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பதைக் கோச்சின் தலையில் கட்டாதீர்கள். அவர்கள் எத்தனை முறை எறிகிறார்கள் என்பதைத் தடுப்பாட்டம் குறைக்கலாம். எறிந்த பந்து விழுவதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரும் பங்கு. நான்கைந்து ஆட்டம் அப்படி 3 புள்ளி வித்தியாசத்தில் கைவிட்டுப் போயிருந்தால் அடுத்த ஆண்டும் அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஒப்பந்தம் பாக்கி இருக்கிறதே?

ப: முதலில் படிக்க வேண்டியதே அதுதான். இந்தியானா பல்கலைக்கழகம் 2021-ல் கோச் ஆர்ச்சி மில்லரை நீக்க, ஒப்பந்தப் பாக்கியாக 1 கோடி டாலருக்கு மேல் தேவைப்பட்டது, நன்கொடையாளர்கள் கொடுத்தார்கள். கென்டக்கி 2024-ல் ஓக்லாந்திடம் 80-76 என்று தோற்றபோது, அதன் கோச் காலிபாரியை நீக்குவதானால் 3.3 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும். அடுத்த மாதமே அவராகவே ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போனதால் அந்தச் செலவு வரவில்லை. தொகை எந்தத் தேதியில் குறைகிறது, அவர் புது வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் கழிக்கப்படுமா என்ற இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள்.

கே: டியூக் பல்கலைக்கழகம் பொறுமையாக இருந்ததால்தானே கோச் கே கிடைத்தார்?

ப: ஆமாம். கோச் கே என்கிற ஷஷெஃப்ஸ்கி 1981-82-ல் 10-17 (10 வெற்றி, 17 தோல்வி), அடுத்த ஆண்டு 11-17. கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று தோல்வி. விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் அவரைக் கைவிடவில்லை. பிறகு ஐந்து தேசிய சாம்பியன் பட்டம். ஆனால் அந்த 11-17 அணியில் பின்னாளில் நட்சத்திரங்களான ஜானி டாகின்ஸ், மார்க் அலாரி முதலாண்டு மாணவர்கள். பட்டர்ஸ் பொறுத்திருந்ததற்குக் கண்முன்னே காரணம் இருந்தது.

கே: அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று டாகின்ஸ் முதல் ஆண்டே போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) போயிருப்பார்.

ப: நியாயமான வாதம். 2024 ஏப்ரலிலிருந்து, படிப்பில் தகுதி உள்ளவர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம். அதனால்தான் இன்று யார் தங்குகிறார்கள் என்பதே பெரிய சான்று. தோற்ற பிறகும் முதல் ஐந்து பேரில் மூன்று பேர் தங்கினால் அந்தக் கோச்சை அவர்கள் நம்புகிறார்கள்.

கே: தங்குவதும் பணத்துக்காகத்தானே?

ப: பணமும்தான். 2025-26 முதல் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம்; அந்த ஆண்டில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பெரும்பகுதியை அமெரிக்கக் கால்பந்து அள்ளிக்கொள்ளும் இடத்தில், கூடைப்பந்துக்கு மிஞ்சியது எவ்வளவு என்று கேட்காமல் கோச்சைக் குறை சொல்வது அநியாயம்.

கே: அப்படியானால் யாரையுமே மாற்றக் கூடாதா?

ப: அப்படிச் சொல்லவில்லை. லூயிவில்லில் கென்னி பெய்ன் 4-28, பிறகு 8-24. இரண்டாம் ஆண்டிலும் தேறவில்லை, மாற்றியது சரி. அவருக்குப் பதிலாக பேட் கெல்சி வந்த முதல் ஆண்டே 27-8.

கே: என்பிஏ (தொழில்முறை லீக்) கோச்சை மாற்றலாமா?

ப: என் துறை இல்லை.

கே: 8-15 சார், அனுப்பலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். பிறகு ஒப்பந்தத்தை.

கே: சீசன் நடுவிலேயே மாற்றினால்?

ப: பெரும்பாலும் நஷ்டம். நல்ல கோச்சுகள் அப்போது வேறு அணியோடு ஆடிக்கொண்டிருப்பார்கள். சீசன் முடியும் மார்ச் வரை பேச வரமாட்டார்கள். உதவிக் கோச் இருக்கிற ஆட்டத் திட்டத்தையே ஓட்ட வேண்டும். வீரர்களின் ஏஜெண்டுகளோ அன்றைக்கே மற்ற கல்லூரிகளோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள். வீரர்களைக் கொடுமைப்படுத்தினார், விதியை மீறினார் என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்.