ஆகஸ்ட் 16: ஒரே நாளின் இசை வரலாற்றைப் பிழையில்லாமல் தொகுக்க

கேள்வி: வானொலியில் தினமும் பத்து நிமிடம் வரும் ‘இந்த நாளில் இசை’ பகுதிக்குக் குறிப்பு எழுதுகிறேன். ஆகஸ்ட் 16-க்கு நிறையத் தகவல் கிடைத்தது. ஆனால் ஒரே நிகழ்ச்சிக்கு ஓரிடத்தில் 16 என்றும் வேறிடங்களில் 17, 18 என்றும் இருக்கிறது. எதை நம்புவது? எத்தனை நிகழ்ச்சிகளைச் சேர்ப்பது?

பதில்: உங்கள் கைக்கு வந்திருப்பது கனமான நாள். 1938-இல் புளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன், 1977-இல் எல்விஸ் பிரெஸ்லி, 2018-இல் அரீத்தா ஃபிராங்க்ளின் மூவரும் ஆகஸ்ட் 16-இல்தான் இறந்தார்கள். ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச் மறைந்ததும் 2007-இல் இதே தேதியில். மடோனா பிறந்தது 1958 ஆகஸ்ட் 16. பீட்டில்ஸ் குழுவிலிருந்து டிரம்மர் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டது 1962-இல். 1969-இல் இது உட்ஸ்டாக் இசை விழாவின் இரண்டாம் நாள். ரமோன்ஸ் குழு நியூயார்க்கின் சிபிஜிபி அரங்கில் முதன்முதலாக மேடையேறியது 1974-இல்.

தேதிகள் முட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரு நிகழ்ச்சிக்குள்ளேயே பல தேதிகள் இருக்கும், எழுதுகிறவர் எதைச் சொல்கிறோம் என்று தெளிவாக்கியிருக்க மாட்டார். ஆகவே தேதியைத் தேடும் முன் ‘யார், எங்கே, என்ன செய்தார்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். ‘பீட்டில்ஸ் டிரம்மர் மாறிய நாள்’ என்று எழுதினால் அதற்கு மூன்று தேதிகள் பொருந்தும். பீட் பெஸ்ட் கேவர்ன் கிளப்பில் அவர்களோடு கடைசியாக வாசித்தது ஆகஸ்ட் 15. மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் லிவர்பூலில் தன் அலுவலகத்துக்கு அவரை வரவழைத்து நீக்கத்தைச் சொன்னது 16. அன்று மாலை செஸ்டரில் நடந்த நிகழ்ச்சியில் புதிய டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இல்லை. வேறொரு குழுவின் ஜானி ஹட்சின்சன்தான் டிரம்ஸ் வாசித்துச் சமாளித்தார். ரிங்கோ குழுவின் உறுப்பினராக முதலில் வாசித்தது 18-ஆம் தேதி, போர்ட் சன்லைட்டின் ஹல்ம் ஹாலில். ஆகஸ்ட் 16-க்கு நீங்கள் எழுத வேண்டியது நீக்கத்தை மட்டும்.

அடுத்த பொறி நள்ளிரவு. உட்ஸ்டாக் விழா 15 முதல் 17 வரை என்று அறிவிக்கப்பட்டது. மழையாலும் மேடைத் தாமதங்களாலும் நிரல் தள்ளிக்கொண்டே போயிற்று. சனிக்கிழமை 16-ஆம் தேதி நிரலில் இருந்த ஜானிஸ் ஜாப்ளின், தி ஹூ ஆகியோர் மேடையேறியபோது 17 பிறந்துவிட்டது. தி ஹூ வாசித்தது விடியலை ஒட்டிய நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை நிரலை முடித்து வைக்க வேண்டிய ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்ததோ 18-ஆம் தேதி திங்கள் காலையில். 16 பிற்பகலில் உறுதியாக மேடையில் இருந்தவர்கள் சந்தானா குழுவினர். அவர்களைத் தைரியமாகச் சேர்க்கலாம். ஜாப்ளினைச் சேர்க்க வேண்டுமென்றால் ‘இரண்டாம் நாள் நிரலில்’ என்று சொல்லுங்கள், தேதியைச் சொல்லாதீர்கள். இடமும் கவனம்: விழா நடந்தது உட்ஸ்டாக் ஊரில் அல்ல, நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற இடத்தில், மேக்ஸ் யாஸ்கரின் பண்ணையில்.

நேர மண்டலமும் இதேபோல் குழப்பும். எல்விஸ் இறந்துவிட்டதாக மெம்ஃபிஸ் மருத்துவமனையில் அறிவித்தது பிற்பகல் 3.30 மணிக்கு. அந்நேரம் ஆசியாவின் பெரும்பகுதியில் 17 பிறந்தாயிற்று. உலக நாளிதழ்கள் பலவற்றில் செய்தி வந்ததும் 17-இல்தான். இறுதிச் சடங்கு 18. ரசிகர்கள் எல்விஸின் வீடான கிரேஸ்லேண்டில் மெழுகுவத்தி ஏந்தி அஞ்சலி செலுத்தத் தொடங்குவதோ ஒவ்வோராண்டும் 15-ஆம் தேதி மாலையில். இவற்றில் எதை எடுத்து எழுதினாலும் தேதி வழுக்கும். விதி எளிது: நிகழ்ச்சி நடந்த ஊரின் கடிகாரத்தை மட்டும் பின்பற்றுங்கள்.

வெளியீட்டுத் தேதிகளை நான் எப்போதும் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பேன். ஒலிப்பதிவு, முதல் ஒலிபரப்பு, கடைக்கு வந்தது, பட்டியலில் இடம்பிடித்தது என்று ஒரு பாடலுக்கே நான்கு தேதி உண்டு. எல்விஸின் முதல் இசைத்தட்டுக்கான பதிவு 1954 ஜூலை 5. வெளியானது ஜூலை 19. பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்புக்கு 1967 ஜூன் 1 என்ற அதிகாரபூர்வத் தேதி இருந்தும், பிரிட்டனில் மே 26-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பாடல் தரவரிசைப் பட்டியலில் இருப்பது இதழில் அச்சிட்ட தேதி. பாடல் அந்த நாளில்தான் முதலிடம் பிடித்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ‘அந்த வாரப் பட்டியலில்’ என்றே எழுதுங்கள்.

சரிபார்ப்பதற்கு முதலில் கிழமை. 1962-இல் ஆகஸ்ட் 16 வியாழன், 1969-இல் சனி, 1974-இல் வெள்ளி, 1977-இல் செவ்வாய். மூலத்தில் ‘ஞாயிறு, ஆகஸ்ட் 16, 1969’ என்றிருந்தால் நாளோ கிழமையோ தவறு. புதிய இசைத்தொகுப்புகள் உலகெங்கும் வெள்ளிக்கிழமைகளில் வெளியாவது 2015 ஜூலை 10 முதல் வந்த வழக்கம். பழைய தொகுப்புக்கு வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தால் அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவதால் 8/9 என்பது ஆகஸ்ட் 9-ஆ, செப்டம்பர் 8-ஆ என்ற குழப்பம் வரும். தேதி 12-ஐத் தாண்டினால் அந்தக் கவலை இல்லை.

பிறகு ஆவணம். பத்து இணையப் பக்கங்கள் ஒரே தேதியைச் சொன்னாலும், பத்தும் ஒன்றைப் பார்த்து எழுதியவையாக இருந்தால் அது ஒரு சாட்சிதான். ஒலிப்பதிவுக்கூடத்தின் பதிவேடு, மறுநாள் நாளிதழ், இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுக்குத்தான் எடை. நிகழ்ச்சி விளம்பரம் திட்டத்தை மட்டுமே காட்டும், நிகழ்ச்சி ரத்தாகியிருக்கலாம். மறுநாள் வந்த விமர்சனம் அது நடந்ததைக் காட்டும். ராபர்ட் ஜான்சன் விஷயம் இதற்கு நல்ல பாடம். அவர் இறந்த தேதி உறுதிப்பட்டது, ஆய்வாளர் கேல் டீன் வார்ட்லோ 1968-இல் இறப்புச் சான்றிதழைக் கண்டெடுத்த பிறகுதான். மிசிசிப்பியின் கிரீன்வுட் அருகே, 27 வயதில் என்று பொதுவாகச் சொல்லப்படும் மரணம் அது. விஸ்கியில் விஷம் கலந்து கொடுத்தார்கள் என்ற கதையை அந்தச் சான்றிதழ் சொல்லவில்லை. மருத்துவர் யாரும் பார்க்கவில்லை என்றே அதில் இருக்கிறது. வானொலியில் சொல்வதென்றால் ‘என்று ஒரு கதை உண்டு’ என்பதை விட்டுவிடாதீர்கள்.

எத்தனை நிகழ்ச்சி என்றால், பத்து நிமிடத்துக்கு நான்கு போதும். நான் முதுகெலும்பாக வைப்பது ஜான்சன், எல்விஸ், அரீத்தா மூவரையும். இரண்டு பதிவு அமர்வுகளில் 29 பாடல்களை மட்டும் விட்டுச்சென்ற புளூஸ் கலைஞரிலிருந்து ராக், சோல் வரை அந்த வரிசையே கேட்பவரை நடத்திச் செல்லும். எல்விஸ் இறந்த மெம்ஃபிஸில்தான் அரீத்தா 1942-இல் பிறந்தார் என்பது இருவருக்கும் நடுவே இயல்பான இணைப்பு. நான்காவதாகப் பீட் பெஸ்ட் நீக்கத்துக்கு ஒரு நிமிடம். மடோனாவின் பிறந்தநாளுக்கு ஒரு வரி. ரமோன்ஸை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கி வையுங்கள். சிபிஜிபி அரங்கைப் பற்றித் தனியாகப் பேச நிறைய இருக்கிறது.

எழுதியதை வாய்விட்டு வாசித்து நேரம் பாருங்கள். வெளிநாட்டுப் பெயர்கள் அடுக்கடுக்காக வரும் இடத்தில் வேகம் குறையும், அதற்கு அரை நிமிடம் விட்டு வையுங்கள். பாடல் துண்டு ஒலிக்கவிடுவதானால் உரிமத்தை முன்கூட்டியே நிலையத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்: முப்பது வினாடிக்குள் இருந்தால் அனுமதி தேவையில்லை என்று பலர் நம்பும் விதி எங்கும் கிடையாது. பாடலின் இசையமைப்புக்கு ஓர் உரிமை, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை, இரண்டையும் கேளுங்கள்.