பழைய வீட்டை வாங்கிச் சரி செய்வதா, புது வீட்டுக்கே போவதா: ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டவை

குரோம்பேட்டை: சார், 1988-ல் கட்டிய தனி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரு பெட்ரூம் சீலிங்கில் பூச்சு விழுந்து கம்பி தெரிகிறது. அதே விலைக்குப் புது ஃபிளாட்டும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

அந்தக் கம்பியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் உப்பும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. மேலே குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்து, அதற்குக் கீழே மட்டும் விழுந்திருந்தால் அது வெறும் கசிவு. கசிவை நிறுத்தி, துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் அடைத்தால் பல வருஷம் ஓடும்.

எல்லா அறையிலும், சன்ஷேடிலும் அதே கதை என்றால் கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருக்க வாய்ப்பு அதிகம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456. அந்தக் காலத்தில் போர் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொந்த வீடு கட்டியவர்கள் ரொம்பக் குறைவு. இப்படிப்பட்ட வீட்டில் ஓரிடத்தில் ஒட்டுப் போட்டால் பக்கத்து இடம் விரியும். அதற்கு மனை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒரு கம்பை எடுத்துப் போய் சீலிங் முழுக்கத் தட்டுங்கள். பொத்தென்று வெற்று ஓசை வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் ஒரு மூலையோடு நின்றால் வாங்கலாம். அறைக்கு அறை பரவினால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். இன்னொன்று, விற்பதற்காகவே பெயிண்ட் அடித்த பழைய வீட்டை ஐப்பசி மழையில் ஒரு தடவை பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

நங்கநல்லூர்: ரிஜிஸ்ட்ரேஷன் செலவில் வித்தியாசம் உண்டா?

பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். ஜிஎஸ்டி கிடையாது. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், மலிவு விலை வீட்டுக்கு 1. பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் அதுவும் இல்லை.

மாதவரம்: பழைய வீட்டைப் புதுப்பிக்கச் சதுர அடிக்கு என்ன ஆகும்?

வீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

வேளச்சேரி: வீடு ரோட்டைவிட இரண்டடி பள்ளம். அதனாலேயே விலை குறைவு. வாங்கிவிட்டு ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொள்ளலாமா?

தூக்கலாம்தான். அடித்தளத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஜாக்கிகளை வரிசையாக நுழைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகி ஏற்றுவார்கள். ஒரு மூலை முந்தினாலும் சுவர் விரிசல் விடும். தூக்கிய பிறகு தரை, படி, கழிவுநீர்க் குழாய் எல்லாம் புதுசாகப் போட வேண்டும். தூக்குகிறவர் சொல்லும் தொகையில் இவை பெரும்பாலும் இருக்காது. எனக்கு இதில் சம்மதமில்லை.

முடிச்சூர்: மன்னிக்கணும் சார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டை மூன்றடி தூக்கினோம். ஒரு விரிசல்கூட இல்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

நல்லது. ஆனால் நீங்கள் குடியிருந்த வீட்டைக் காப்பாற்றினீர்கள். இவர் இன்னும் வாங்கவே இல்லை. தண்ணீர் வரும் என்று தெரிந்த இடத்தில் பணத்தைப் போட்டுவிட்டு, அப்புறம் அதைத் தூக்க இன்னொரு செலவு எதற்கு?

மடிப்பாக்கம்: தூக்க வேண்டாம். உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்தினால் போதுமே?

பத்தடி உயர ஹால் எட்டடி ஆகும். ஏழடியில் இருக்கிற லின்டல், அதாவது வாசலுக்கு மேலே தாங்கும் சட்டம், ஐந்தடிக்கு வந்துவிடும். வீட்டுக்குள்ளேயே குனிந்து நடப்பீர்களா?

முடிச்சூர்: அதனால்தான் தூக்கச் சொல்கிறேன்!

மடிப்பாக்கம்: தூக்கினாலும் ரோடு மறுபடி ஏறுமே? அதற்கு என்ன செய்வது?

பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அதை மட்டும் நம்பி வீடு வாங்கச் சொல்ல மாட்டேன். சரி, இந்தச் சண்டையை இத்தோடு விடுவோம்.

மயிலாப்பூர்: தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு, தேக்குச் சட்டங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த கூரை. இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

என்னைக் கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். செங்கல்லும் சுண்ணாம்பும் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்காது. பலவீனம் தேக்குச் சட்டங்களில், அதுவும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளில். மழைத் தண்ணீரும் கரையானும் அங்கேதான் முதலில் வரும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். வயரிங் மட்டும் முழுசாகப் புதுசு, எர்த்தோடு.

அம்பத்தூர்: சார், சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?

மாதவரத்துக்குச் சொன்னதே.

போரூர்: பட்டா அப்பா பெயரில், பத்திரம் மகன் பெயரில் இருக்கிறது. வாங்கலாமா?

வக்கீலிடம் போங்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது, மூலப் பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் கேட்பார்.

கோயம்புத்தூர்: வாஸ்துப்படி சமையலறையை மாற்ற ஒரு சுவரை எடுக்கலாமா?

வாஸ்து எனக்குத் தெரியாது. அந்தச் சுவர்மேல் மாடி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அண்ணா நகர்: முப்பது வருஷ ஃபிளாட். ஓட்டை உடைசல்தான், ஆனால் யுடிஎஸ், அதாவது நிலத்தில் வரும் பங்கு, அதிகம்.

அப்படியென்றால் அது நிலத்துக்கான விலை. 2022-ன் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். மற்ற வீட்டுக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். அந்தப் பேச்சு அங்கே ஓடவில்லை என்றால் அவசரப்படாதீர்கள்.

திருச்சி: புது வீட்டில் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

யார் சொன்னது? புது வீட்டில் குறை இன்னும் வெளியே வந்திருக்காது, அவ்வளவுதான். வீடு வாங்குவோரைக் காக்கும் ரியல் எஸ்டேட் சட்டமான ரெராவின் 14-ஆவது பிரிவுப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து புகார் சொன்னால் பில்டர் 30 நாளில் தன் செலவில் சரி செய்ய வேண்டும். போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள், எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம்: சதுர அடிக்கு...

அடுத்த கேள்வி.