பழைய ஹோலோ சாரிசார்ட் கார்டுக்கு ஏன் இவ்வளவு விலை?

ஒரு அட்டைத் துண்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று கேட்டிருக்கிறீர்கள். அதைக் கையில் எடுத்து விளக்கடியில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள்; நெருப்பு கக்கும் போக்கிமான் பிராணியான சாரிசார்ட் அசையாமல் நிற்க, பின்னால் இருக்கும் ஹோலோ என்ற பளபளப்புப் படலம் மட்டும் மின்னி மின்னி மறையும். அவ்வளவு அழகு.

1999-ல் அமெரிக்காவில் வந்த போக்கிமான் கார்டு விளையாட்டின் முதல் தொகுப்பின் 102 கார்டுகளில் இது 4-ஆவது. ஓவியர் மிட்சுஹிரோ அரிட்டா. அன்றைக்குப் பிள்ளைகள் இதை விளையாடத்தான் வாங்கினார்கள், சட்டைப்பையில் திணித்தார்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள், அதனால் மூலை மழுங்காமல், படலத்தில் கீறல் விழாமல் தப்பியவை ரொம்பக் குறைவு. விலையை ஏற்றுவது முக்கியமாக அதுதான்.

அப்புறம், படத்துக்குக் கீழே இடது ஓரத்தில் முதல் பதிப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாவிட்டாலும், படச்சட்டத்தின் வலப்பக்கம் நிழல் இல்லையென்றால் அதுவும் ஆரம்பகால அச்சுதான். முத்திரையோடு, கார்டுகளின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்திடம் 10-க்கு 10 வாங்கிய ஒன்று 2022-ல் 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. கசங்கிய கார்டுக்கு இதில் சிறு பங்குகூடத் தேறாது.

ஓரத்தில் வெள்ளை தெரிகிறதே என்று மட்டும் மை பூசிவிடாதீர்கள், தரம் பார்ப்பவர்கள் உடனே கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார்கள்.