உருகும் ஐஸில் உருவங்கள்: தில்லி வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மணாலிப் பக்கம் உறைந்த குளத்தின் மேல் கறுப்பாகக் கைகள் விரித்த நட்சத்திர உருவம் தெரிந்தது. யாரோ கல் எறிந்ததால் வந்த விரிசலா? (மயூர் விஹார் வாசகி)

விரிசலே இல்லை. விரிசல் கூர்மையான கோடாக ஓடும். நீங்கள் அனுப்பிய படத்தில் கைகள் வளைந்து, கிளை பிரிந்து, நுனியில் மெலிகின்றன. இது தண்ணீர் போட்ட தடம். மெல்லிய ஐஸ் மேல் புதுப் பனி விழுந்தால் பாரம் தாங்காமல் ஐஸ் அமிழும். எங்காவது ஓட்டை இருந்தால், அடித்தண்ணீர் அதன் வழியே மேலேறிப் பனியில் ஊறும். அந்தத் தண்ணீர் பூஜ்ய டிகிரியைவிடச் சற்று வெதுவெதுப்பானது. அதனால் போகிற வழியெல்லாம் பனியை உருக்கும். எந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக உருகியதோ, அந்தப் பக்கமே தண்ணீர் சுலபமாகப் பாயும்; பாயப் பாய இன்னும் உருகும். முந்திய கை நீண்டுகொண்டே போக, இடையிலுள்ளவை பின்தங்கிவிடும். ஊறிய பனி ஒளியைச் சிதறடிக்காததால் கறுப்பாகத் தெரிகிறது. 2007-ல் விக்டர் சாய், ஜான் வெட்லாஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குக் கணக்கு எழுதி, ஆய்வுக்கூடத்திலும் இந்த உருவத்தை வரவழைத்தார்கள். எத்தனை கைகள் முளைக்கும் என்பதும் அந்தக் கணக்கிலேயே வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இலை வடிவத்திலேயே ஐஸில் பள்ளம் விழுந்திருந்ததே, எப்படி? (முனீர்கா)

கருத்த இலை வெயிலை உறிஞ்சிச் சூடாகிறது, தன் அடியிலுள்ள ஐஸை உருக்கி உள்ளே இறங்குகிறது. கூழாங்கல்லும் அப்படித்தான்.

மார்ச் கடைசியில் அரை அடி கனமுள்ள ஐஸ். நடக்கலாம்தானே? (துவாரகா)

தயவுசெய்து கால் வைக்காதீர்கள். குளத்து ஐஸ் பெரும்பாலும் மேலிருந்து கீழாக நீண்ட படிகங்களாக வளரும். உறையும்போது ஒதுக்கப்பட்ட உப்பும் அழுக்கும் படிகங்களுக்கு இடையில் தங்கும். வெயில் ஏறினால் முதலில் உருகுவது அந்த இடைவெளிதான். பார்வைக்குக் கனமான பாளம். உண்மையில் செங்குத்தாக அடுக்கிய தீக்குச்சிக் கட்டு. மிதித்தால் கலகலவென்று பிரிந்துவிடும்.

மலைக்குப் போகாமல் தில்லியிலேயே இதுபோல ஏதாவது பார்க்க முடியுமா? (ஆர்.கே.புரம் பள்ளி மாணவர்)

முடியும், கோடையிலேயே. கடைத்தெருவில் சாக்குப் போர்த்தி வைக்கும் ஐஸ் பாளத்தில் நடுப்பகுதி காற்றுக் குமிழிகளால் வெளுத்திருக்கும். அதை விட்டுவிட்டு, ஓரத்தில் தெளிவாக உள்ள துண்டாகக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் பிடித்து, மேலே கசியும் ஈரத்தைத் துடைத்துத் துடைத்து, கைலென்ஸால் உள்ளே பாருங்கள். வெயில் ஐஸின் உட்புறத்தையும் உருக்கும். அங்கே ஆறு இதழ்ப் பூக்கள் சின்னச் சின்னதாக மலரும். ஐஸ் படிகமே அறுகோண அமைப்பு என்பதால்தான் ஆறு. 1850-களில் இயற்பியலாளர் ஜான் டிண்டல் விளக்கியது இந்தப் பூக்களைத்தான். பூவில் மின்னும் புள்ளியைக் காற்று என்று நினைக்க வேண்டாம். ஐஸ் தண்ணீராகும்போது கன அளவு குறைகிறது, அந்தக் குறைந்த இடம்தான் அது. உள்ளே இருப்பது கொஞ்சம் நீராவி மட்டும். துண்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்: பக்கவாட்டில் பூ வெறும் கோடாகத்தான் தெரியும்.