முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. இரண்டு வருடத்துக்கு முன் பாதி காஜு கத்லி சாப்பிட்டதும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இரண்டு முறை வாந்தி எடுத்தான். டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு முந்திரி, பிஸ்தா இரண்டும் ஆகாது என்றார்கள். அவ்வப்போது வீசிங்கும் வரும். இந்தத் தீபாவளிக்கு மேற்கு மாம்பலத்தில் மாமியார் வீட்டில் மூன்று நாள் தங்கப்போகிறோம், இருபது பேராவது கூடுவார்கள். "முந்திரியைப் பொறுக்கிட்டுக் குடுத்தா என்ன ஆயிடும்?" என்று கேட்கிறார்கள். போகாமலே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.
- ஒரு அம்மா, மடிப்பாக்கம்

பதில்: போங்கள். முந்திரி ஆகாது என்பதற்காகப் பாட்டி வீட்டுத் தீபாவளியே தெரியாமல் அந்தப் பையன் வளர வேண்டியதில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன் மாமியாரிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், பையில் அட்ரினலின் ஊசி மருந்து இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

முதலில் அந்தப் பொறுக்கி எடுக்கும் விஷயம். ஒவ்வாமையைக் கிளப்புவது முந்திரியில் இருக்கும் புரதம். நெய்யில் வறுக்கும்போதே அதன் துகள் நெய்யில் தங்கிவிடும், அந்த நெய்யைப் பாயசத்தில் ஊற்றிக் கிளறிய பிறகு கண்ணுக்குத் தெரிகிற முந்திரியை எல்லாம் எடுத்துப் போட்டாலும் பாயசம் முழுக்க அது இருக்கத்தான் செய்யும். வறுத்தால் வீரியம் போய்விடும் என்று சொல்வதும் தப்பு. என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு சிறுமிக்கு 4 வயது. அவள் அம்மா முந்திரி சேர்ப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் பாயசத்தைத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார். சாப்பிடும் நேரத்தில் பெரியம்மா, ஆறிப்போன அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் சூடாகப் பால் சேர்த்து, பெரிய பாத்திரத்தில் கிடந்த கரண்டியை எடுத்து ஒரு கலக்குக் கலக்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் இருமல், பிறகு குரல் கம்மிவிட்டது. நல்லபடியாகத் தேறிவிட்டாள், ஆனால் அந்தக் கரண்டியை நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைத்துக்கொள்வேன்.

அதனால் மாமியாரிடம் "எதிலுமே முந்திரி போடாதீங்க" என்று கேட்பதைவிட, பலகார வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே போன் செய்து, அவனுக்கென்று மூன்று பலகாரம் மட்டும் தனியாகச் செய்து தரச் சொல்லுங்கள். பெரும்பாலான பாட்டிகள் இதற்குச் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், பேரனுக்கு மட்டும் ஏதோ குறைவது போல் இருப்பதுதான் அவர்களால் தாங்க முடியாதது. வரிசை முக்கியம். கழுவித் துடைத்த வாணலி, புது எண்ணெய், முதல் ஈடு அவனுக்கு: முறுக்கு, அதிரசம், ரிப்பன் பக்கோடா எதுவானாலும். முந்திரி பக்கோடாவும் மிக்சருக்கு முந்திரி வறுப்பதும் கடைசியில். அந்த எண்ணெயை வடிகட்டி மறுநாள் அவனுக்கு வடை போடக் கூடாது, வடிகட்டி தூளைத்தான் பிடிக்கும், புரதத்தைப் பிடிக்காது. மிக்சி ஜாரையும் பாருங்கள். பூரிக்கு வெள்ளைக் குருமா வைக்கும் வீடுகளில் முந்திரி அரைத்த ஜாரின் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் விழுது ஒட்டிக்கொண்டிருக்கும், அதே ஜாரில் அரைத்த தேங்காய்ச் சட்னி அவனுக்கு ஆகாது. சர்க்கரைப் பொங்கலுக்கும் கேசரிக்கும் முந்திரிக்குப் பதில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுத்துப் போடச் சொல்லுங்கள், முந்திரி ஒவ்வாமை உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேங்காய் ஒன்றும் செய்யாது, உங்கள் பையன் ஏற்கெனவே தேங்காய் சாப்பிடுகிறவன் என்றால் கவலையே இல்லை.

கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "இதுல நட்ஸ் இருக்கா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள், குருமாவில் அரைத்து ஊற்றிய முந்திரி அவர்கள் கணக்கில் நட்ஸ் கிடையாது. "என்னென்ன போட்டீங்க, எதுல வறுத்தீங்க?" என்று கேளுங்கள். அப்போது அவர்கள் மனதுக்குள் மறுபடி சமைத்துப் பார்த்துச் சொல்வார்கள், முந்திரி தானாக வெளியே வரும்.

அக்கம்பக்கத்திலிருந்து வரும் தட்டைச் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கி, நேராக உயரமான அலமாரியில் வையுங்கள். ஒரே தட்டில் பாதுஷாவும் கத்லியும் ஒட்டிக்கொண்டு வந்தால் பாதுஷாவிலும் முந்திரி உண்டு. கடையில் நிறுத்து வாங்கும் ஸ்வீட்டும் அப்படித்தான், ஒரே கத்தி, ஒரே கையுறை, ஒரே தட்டு. பாதாம் ஒத்துக்கொள்ளும் குழந்தைக்கும் கடைப் பாதாம் கேக் வேண்டாம், அதில் முந்திரி விழுது கலந்திருக்கலாம். பாக்கெட்டில் அடைத்த தின்பண்டம் என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிகள்படி பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள் எல்லாம் இருந்தால் எழுதியாக வேண்டும், 'மே கன்டெய்ன்' (இருக்கலாம்) என்று போட்டிருந்தாலும் கொடுக்காதீர்கள். (எள் ஒத்துக்கொள்ளாத குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கட்டாயப் பட்டியலில் எள் இல்லை, முறுக்கிலும் சீடையிலும் அதுதான் முதலில் விழும், தீபாவளி விடிகாலையில் தலையில் வைப்பதும் நல்லெண்ணெய். அந்தக் குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுங்கள்.)

அதற்காகப் பையனை வாசலில் உட்கார வைக்க வேண்டாம். அடுக்களையில் முந்திரி வறுபடும் வாசனையால் அவனுக்குப் பெரிய ஆபத்து வராது, கத்லி சாப்பிட்ட கையால் மாமா கன்னத்தைக் கிள்ளினால் அந்த இடம் மட்டும் தடிக்கலாம். வாய்க்குள் போவதுதான் ஆபத்து. எனவே சாப்பிட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சானிடைசர் போதாது, அது கிருமியைக் கொல்லுமே தவிர புரதத்தை எடுக்காது.

இருபது பேர் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோருமே நினைப்பார்கள். மருந்துப் பையைத் தோளில் மாட்டியிருப்பவர்தான் அந்த நேரத்துக்குப் பொறுப்பு என்று நீங்களும் கணவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள், குளிக்கப் போகும்போது வாய்விட்டுச் சொல்லிப் பையைக் கைமாற்றுங்கள். பையனுக்கும் ஒரே ஒரு வாக்கியம் பழக்குங்கள்: "அம்மாகிட்ட கேட்டுட்டு சாப்பிடறேன்." 5 வயதுக் குழந்தை இதை அழகாகச் சொல்லும்.

இப்போது அந்தப் பை. நம் வீடுகளில் அலர்ஜி என்றாலே சிட்ரிசின் சிரப்பைத்தான் தேடுகிறார்கள். அது அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், மூச்சுக்குழாய் சுருங்குவதையும் ரத்த அழுத்தம் இறங்குவதையும் நிறுத்தாது. அதை நிறுத்துவது அட்ரினலின். வெளிநாட்டில் பேனா மாதிரி தானியங்கி ஊசி பரவலாக இருக்கிறது, இங்கே எளிதாகக் கிடைப்பதில்லை, அதனால் ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக்கொடுத்து, பெற்றோருக்கு உட்கார வைத்துப் பழக்கிவிடுகிறோம். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 16 கிலோ குழந்தைக்கு 0.16 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் 0.16 மில்லிலிட்டர். இதைப் படித்துவிட்டு நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள், உங்கள் மருத்துவர் கைப்பட எழுதிய சீட்டு பையில் இருக்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும், அவசரத்தில் டிரவுசர் மேலேயே போடலாம்.

எப்போது போடுவது? சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வீக்கமோ வந்து, கூடவே இருமல், மூச்சிரைப்பு, குரல் மாற்றம், திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு வெளிறிப்போவது, இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் உடனே போடுங்கள். முந்திரி வாய்க்குள் போனது நிச்சயம், மூச்சு மட்டும் திணறுகிறது, தோலில் ஒன்றுமே இல்லை என்றாலும் போடுங்கள், சில குழந்தைகளுக்குத் தோலில் எதுவும் தெரியாது. நீங்கள் சொன்ன, இரண்டு வருடத்துக்கு முன் வந்த அந்த வாந்தியும் வீக்கமும் இந்தக் கணக்கில்தான் வருகிறது, அன்று அடங்கிவிட்டது என்பதால் அடுத்த முறையும் அடங்கும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. போட்ட பிறகு படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். 5 நிமிஷத்தில் குறையவில்லையென்றால் இரண்டாவது ஊசி, அதனால் இரண்டு டோஸ் எடுத்துப் போங்கள். நன்றாகிவிட்டான் என்று வீட்டுக்குத் திரும்ப வேண்டாம், சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பும் வாய்ப்பு உண்டு, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பட்டாசு. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்குகிறார்கள், அந்த நேரத்தில் அவனை ஜன்னல் சாத்திய அறையில் வைத்திருங்கள், வீசிங்குக்கு தினசரி இன்ஹேலர் எழுதிக்கொடுத்திருந்தால் அதை ஒரு வேளைகூட விடாதீர்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத குழந்தைக்கு உணவு ஒவ்வாமை இன்னும் மோசமாக வரும். தீபாவளி ராத்திரியில் ஒரு சிக்கல் இருக்கிறது: மூச்சிரைத்தால் எல்லோரும் புகையைத்தான் சொல்வார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள், சட்டையைத் தூக்கி வயிற்றையும் முதுகையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் அட்ரினலினை முதலில் போட்டுவிட்டு அப்புறம் ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால் கொடுங்கள், சரியான அளவில் தொடையில் போட்ட அட்ரினலின் தேவைப்படாத குழந்தைக்கும் பொதுவாகக் கெடுதல் செய்யாது, கொஞ்ச நேரம் படபடப்பும் நடுக்கமும் இருக்கும்.

அன்றைக்கு கிளினிக்கும் மெடிக்கல் ஷாப்பும் நிறைய மூடியிருக்கும். மாமியார் வீட்டிலிருந்து பக்கத்தில் 24 மணி நேரக் குழந்தைகள் அவசரப் பிரிவு எங்கே என்று இப்போதே விசாரித்து, ஒரு முறை போய் வழியைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆம்பூலின் தேதியைப் பாருங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், நிறம் மாறியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் பையனை அழைத்துப்போய் எடை போடுங்கள், போன வருடச் சீட்டில் இருக்கும் அளவு இந்த வருடம் அவனுக்குப் போதாது.