ரோட்டுக்கடை முட்டைக் குழம்பு: கேளுங்கள், சொல்கிறேன்

பாம்பன் பக்கம் நானும் வீட்டுக்காரரும் பதினோரு வருடம் ராத்திரிக் கடை போட்டோம். பரோட்டாவுக்கும் இட்லிக்கும் ஒரே முட்டைக் குழம்புதான். மீன்பிடித் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், சட்டி இரண்டு மடங்கு ஓடும். அந்தக் கைப்பழக்கத்தில் சொல்கிறேன்.

மண்டபத்திலிருந்து: அக்கா, கடைக் குழம்பு மாதிரி கெட்டியாக வரவே மாட்டேன் என்கிறது. என்ன போடுவீர்கள்?

பொட்டுக்கடலை தம்பி. நாலு பேருக்கு ஆறு முட்டை என்றால் அரை மூடித் தேங்காய், ஒரு ஸ்பூன் சோம்பு, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, மூன்றையும் மை போல அரைக்க வேண்டும். இதைக் கடைசியில்தான் ஊற்றணும், ஊற்றிய பிறகு ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் தளதளவென்று கொதித்தால் தேங்காய் திரிந்து எண்ணெய் தனி, தண்ணீர் தனி என்று ஆகிவிடும்.

தொண்டியிலிருந்து: அவசரத்துக்கு எதைச் சுருக்கலாம்?

முட்டை அவிப்பதை விட்டுவிடுங்கள், குழம்பிலேயே உடைத்து ஊற்றிக்கொள்ளலாம். வெங்காயத்தை மட்டும் சுருக்காதீர்கள். நிறையப் பேர் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதுமே தக்காளியைக் கொட்டிவிடுகிறார்கள், அப்புறம் குழம்பில் பச்சை வாடை அடிக்கிறது என்று மசாலாவைக் குறை சொல்கிறார்கள். நல்லெண்ணெயில் கடுகு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஓரம் சிவக்கும் வரை பத்து நிமிடமாவது நின்று வதக்கணும். அப்புறம் இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி. மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தூள் கருகாது. எண்ணெய் பிரிந்து மேலே வந்த பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர். மொத்தம் அரை மணி நேரம்.

தங்கச்சிமடத்திலிருந்து: முட்டையை உடைத்து ஊற்றினால் கரைந்து போகிறதே அக்கா?

கரண்டி போட்டிருப்பாய்! குழம்பு நன்றாகக் கொதிக்கும்போது தீயைக் குறைத்து, முட்டையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து ஓரமாகச் சரித்து விடு, மூடி போடு, ஐந்து நிமிடம் தொடாதே. வெள்ளை இறுகிய பிறகுதான் அரைத்த தேங்காய், அதையும் சட்டியை ஆட்டித்தான் கலக்கணும். பழைய முட்டை என்றால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். முதலில் தண்ணீரில் போட்டுப் பார், அடியில் படுத்துக்கொண்டால் புதுசு, மிதந்தால் தூக்கிப் போடு.

கீழக்கரையிலிருந்து: பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது, ஆனால் கடை நிறம் வேண்டும்.

நம்ம ஊர் குண்டு மிளகாய் இருக்க வேறெதற்கு? 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. தோல் தடிமன், நிறமும் வாசமும் கொடுக்கும். நாலைந்தை விதை தட்டிவிட்டு வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேருங்கள், மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறையுங்கள். கலர்ப்பொடி மட்டும் வேண்டாம், பிள்ளைகள் சாப்பிடுவது.

ராமநாதபுரத்திலிருந்து: தேங்காய் இல்லாமல்?

செய்யலாம். அது தொக்கு, குழம்பு இல்லை.

தேவிபட்டினத்திலிருந்து: அளவாகத்தான் உப்பு போடுகிறேன், ஆனாலும் கரிக்கிறது.

உங்கள் வீட்டுத் தண்ணீரை முதலில் வாயில் ஊற்றிப் பாருங்கள். கடலோரத்தில் பல கிணறுகள் உப்புக் கரிக்கும், எங்கள் கடையிலும் குடிதண்ணீரில்தான் குழம்பு வைப்போம். வெங்காயம் வதங்க ஒரு சிட்டிகை, மீதி உப்பு தேங்காய் ஊற்றி ருசி பார்த்த பிறகு. இப்போதே கரித்துவிட்டது என்றால், உப்பில்லாமல் இன்னும் கொஞ்சம் தேங்காய் அரைத்து ஊற்றி, தண்ணீர் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.